கரண்ட் போனால் உங்கள் ஃபில்டர் என்ன செய்யும்?

கடல்நீர் மீன்தொட்டிக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு, மும்பையை அடுத்த கல்யாண் மேற்கில் கடக்பாடா பக்கம் குடியிருக்கும் ஒரு தமிழ் ரயில்வே ஊழியரிடம் போகிறவர்களுக்கு உடனே பதில் கிடைப்பதில்லை, கேள்விதான் கிடைக்கிறது. "ஒங்க ஏரியால கரண்ட் போனா எவ்ளோ நேரத்துல வரும்?" தொட்டி எத்தனை அடி, என்ன மீன், கையில் எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தன் பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு பேசுகிறார். தனக்கு ஃபில்டர் விற்ற கடைக்காரர் பெயரைத் தாராளமாகப் போடலாம் என்கிறார். அது இங்கே நடக்காது.

ஊர் தூத்துக்குடிப் பக்கம். வேலை குர்லா கார்ஷெட்டில், மின்ரயில் பெட்டிகளின் கம்ப்ரஸர்களோடு. பம்ப், வால்வு, குழாய் என்றால் யாரும் தனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. 2020 ஊரடங்கில் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது கடல்மீன் ஆசை பிடித்தது. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 255 லிட்டர் பிடிக்கும் தொட்டி. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கலந்து அடர்த்தியை 1.025-க்குக் கொண்டுவருவது, மீன் விடும் முன் நாலிலிருந்து ஆறு வாரம் பாக்டீரியாவுக்காகக் காத்திருப்பது, ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத தண்ணீரை மட்டும் சேர்ப்பது என்று மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இவர் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறார். "அதெல்லாம் எல்லாரும் சொல்வாங்க."

நின்று பேசுவது கேனிஸ்டர் ஃபில்டரைப் பற்றித்தான்.

மூடிய உருளை, உள்ளே ஸ்பாஞ்சும் செராமிக் வளையங்களும், தொட்டிக்குக் கீழே அலமாரியில் சத்தமில்லாமல் நிற்கும். நன்னீர்த் தொட்டிக்கு அருமையான சாதனம். "அண்ணாச்சி, மணிக்கு ஆயிரத்து இருநூறு லிட்டர் இழுக்கும், உள்ளயே யு.வி. லைட்டும் இருக்கு, வேற எதுவும் வேண்டாம்" என்று கடைக்காரத் தம்பி சொன்னதை, குரலையே மாற்றி நடித்துக் காட்டுகிறார். இழுக்கும் லிட்டரைக் கேட்டு மயங்கி வாங்கியவர், மின்சாரம் நின்றால் அந்த மூடிய உருளைக்குள் என்ன நடக்கும் என்று கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியது விற்கிறவன் பொறுப்பு என்பது அவர் கட்சி.

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை பத்து மணி வாக்கில் கல்வாவுக்கும் பட்காவுக்கும் இடையிலான 400 கிலோவோல்ட் மின்பாதை துண்டிக்கப்பட்டு, மும்பையும் தானேயும் நவி மும்பையும் ஒரே அடியாக இருட்டின. பட்கா கல்யாணுக்குப் பக்கத்து ஊர்தான். லோக்கல் ரயில்கள் ஆங்காங்கே நின்றன. இவர் குர்லாவில் மாட்டிக்கொண்டார். வீட்டிலிருந்து போன்: "என்னங்க, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குது." சொம்பால் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். அது சரியான யோசனை. 30 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் நிறைந்த அளவில் பிடித்து வைக்கும் ஆக்ஸிஜனே லிட்டருக்குச் சுமார் 6.2 மில்லிகிராம்தான், அதே சூட்டில் நன்னீர் ஏழரையைத் தொடும். மேற்பரப்பு அசையாமல் நின்றால் அந்த ஆறும் கரைந்துகொண்டே போகும். அவர் மனைவி கை ஓயும் வரை ஊற்றினார். மின்சாரம் வரும்வரை ஒரு மீன்கூடச் சாகவில்லை.

செத்தது கரண்ட் வந்த பிறகு.

ஃபில்டருக்குள் வாழும் பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும். ஓட்டம் நின்றதும் உருளைக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனை அவையே குடித்துத் தீர்க்கின்றன. பிறகு அவையும் மடிய, சிக்கியிருந்த தீனித் துணுக்கும் கழிவும் காற்றில்லாமல் அழுகத் தொடங்குகின்றன. மின்சாரம் திரும்பியதும் பம்ப் தன் கடமையைச் செய்கிறது: அந்தச் சாக்கடையை அப்படியே தொட்டிக்குள் தள்ளுகிறது. இரவு வீடு திரும்பி அவர் மூடியின் கொக்கிகளை விடுவித்தபோது எழுந்தது அழுகிய முட்டை நாற்றம். வெள்ளை ஸ்பாஞ்ச் ஓரங்களில் கறுத்திருந்தது. நன்னீரில் இதே விபத்து நடந்திருந்தால் அழுகலில் பிறக்கும் அமோனியாவின் சேதம் குறைவாக இருந்திருக்கும். பி.எச். 7 உள்ள தண்ணீரில் அமோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாக உறுத்தாத வடிவத்தில் கிடக்கும். கடல்நீரின் 8.2-ல் நஞ்சான பங்கு பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

மணிக்கணக்கில் நின்றுபோன கேனிஸ்டரை, உள்ளிருப்பதைக் கழற்றிக் கொட்டிக் கழுவாமல் திரும்ப ஓட்டக்கூடாது என்பது அனுபவஸ்தர்களிடையே பழைய விதி. கடைக்காரரும் பின்னால் அதையேதான் சொன்னாராம். "சாவுக்கு வந்து சாப்பாட்டக் குறை சொல்ற மாதிரி" என்று இவர் இன்னும் குமுறுகிறார். நியாயமாகப் பார்த்தால், கம்ப்ரஸர் பிரித்து மாட்டுகிற ஒருவர் மூடிய பாத்திரத்தின் குணத்தைக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. இதை அவரிடம் சொன்னபோது பேச்சு ஸ்கிம்மருக்குத் தாவிவிட்டது.

ஸ்கிம்மரைப் பற்றி அவர் சொல்வதில் குறை காண முடியாது. கடல்நீரில் காற்றைப் பொடிப்பொடிக் குமிழிகளாக அடித்தால், மீன் கழிவிலும் தீனியிலும் உள்ள புரதப் பொருட்கள் குமிழியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறிக் கிண்ணத்தில் வழிகின்றன. அழுகி அமோனியா ஆவதற்கு முன்பே அழுக்கு வெளியேறிவிடுகிறது. நன்னீரில் குமிழிகள் சட்டென்று ஒன்றுகூடிப் பெருத்துவிடுவதால் இந்த வித்தை பலிக்காது. இரண்டு நாளில் கிண்ணத்தில் சேர்வது மாட்டுங்கா ஹோட்டல் டிகாஷன் நிறத்தில் இருக்கும். முகர்ந்து பார்க்கும் தைரியம் வேண்டாம். முக்கியமாக, கரண்ட் போனால் ஸ்கிம்மர் சும்மா நிற்கும். திரும்ப ஓடும்போது கேனிஸ்டரைப் போல அழுகிய சாக்கடையைக் கக்காது.

வெளிநாட்டு வீடியோக்கள் இத்தோடு உயிருள்ள பாறையை, அதாவது பாக்டீரியா குடியேறிய பவளக்கல்லை, சேர்க்கச் சொல்லும். 1961-ல் ஜகார்த்தாவின் லீ சின் எங் பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் நம்பிக் கடல்தொட்டி வைக்கும் முறையை எழுதினார். பின்னால் பெர்லின்காரர்கள் அதோடு ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். அங்கே சரி. இங்கே கல் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து பாறை எடுத்துவந்து தொட்டியில் போடுவது வழக்கில் கொண்டுபோய் விடும். தூத்துக்குடிக்காரருக்கு இது கொஞ்சம் வேடிக்கை. மன்னார் வளைகுடாவின் பவளக்கல்லைத் தோண்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பியதைப் பார்த்து வளர்ந்தவர். இப்போது அவர் தொட்டியில் இருப்பவை நுண்துளைச் செராமிக் கட்டிகள். பாக்டீரியாவுக்குத் தேவை ஒட்டிக்கொள்ள இடம். அந்த இடம் பவளமா செராமிக்கா என்று அவை பார்ப்பதில்லை.

ஸ்கிம்மரும் செராமிக்கும் உட்கார ஒரு சம்ப் வேண்டும். அதாவது தொட்டிக்குக் கீழே இன்னொரு கண்ணாடிப் பெட்டி. மேல்தொட்டி வழிந்து கீழே இறங்கும், பம்ப் அதை மேலே ஏற்றும். இதிலும் கேள்வி அதேதான்: பம்ப் நின்றால்? மேலே தண்ணீர் கொட்டும் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் முழுகியிருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரும் அதே குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கும். அவருடைய தொட்டியில் ஓர் அங்குலம் என்பது 14 லிட்டர். குழாய் வாய் ஆறு அங்குலம் கீழே இருந்தால் 85 லிட்டர் சம்புக்கு வரும். சம்பில் இடமில்லையென்றால் ஹாலுக்கு வரும், பிறகு கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கு. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளை போட்டால், மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். துளையை மாதம் ஒருமுறை பல்துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும், உப்பு அடைத்துக்கொள்ளும். ஒருவழி வால்வு போட்டால் போதும் என்று சொல்கிறவர்களை அவர் ஒரு பார்வை பார்க்கிறார். ரயிலில் வால்வு சிக்கிக்கொண்ட கதைகள் அவரிடம் நிறைய.

மீதியைச் சுருக்கமாக முடிக்கிறார். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கண்டிப்பாக வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால், சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பை அதில் மாட்ட வேண்டாம்; மேற்பரப்பைக் கலக்கும் பத்து வாட் அலைப் பம்பை மாட்டினால் ஓர் இரவு தாராளமாகத் தாங்கும். யு.வி. விளக்கு முதல் வருஷம் தேவையில்லை என்பதும் உண்மைதான். அது தண்ணீரில் மிதப்பதைக் கொல்லும், கல்லில் ஒட்டியிருப்பதைத் தொடாது. ஆனால் அவர் அதை வெறுப்பதற்குக் காரணம், அது அந்தக் கேனிஸ்டரோடு சேர்ந்து வந்தது என்பதுதான். மீன் வாங்குவதென்றால் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஜோடி. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதன் குஞ்சு உற்பத்தி முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறது. கடலில் பிடித்ததைவிட அது தொட்டிக்குச் சுலபமாகப் பழகும்.

அவர் பேச்சைக் கேட்காத ஒருவர் உண்டு: மும்பை செம்பூரில் இருக்கும் மச்சினன். நூறு லிட்டர் தொட்டி, ஓரத்தில் தொங்கும் சாதாரண ஃபில்டர், வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீர் மாற்றம். சம்ப் இல்லை, ஸ்கிம்மர் இல்லை. இரண்டு கோமாளி மீன்களும் கொழுகொழுவென்று திரிகின்றன. சின்னத் தொட்டி, குறைந்த மீன், தவறாத தண்ணீர் மாற்றம் என்றால் அது போதும்தான். கல்யாண்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டால் விளக்கம் தயாராக இருக்கிறது: "அங்கதான் கரண்ட்டே போறதில்லயே." அக்டோபர் 12 அன்று மும்பையும்தானே இருண்டது என்றால், மச்சினன் அப்போது தொட்டியே வாங்கியிருக்கவில்லை என்கிறார்.