மருந்துச் சீட்டில் ஒரு பழைய மொழி

வேத பாடம்: யோவான் 19:17-22, 1 கொரிந்தியர் 13

கர்த்தருக்குள் அன்பான பங்காளர்களே,



சிலுவையின்மேல் பிலாத்து வைத்த மேல்விலாசம் மூன்று பாஷைகளில் இருந்தது என்று யோவான் எழுதுகிறார். அவற்றுள் ஒன்று லத்தீன். படங்களில் சிலுவையின் உச்சியில் நாம் காணும் ஐ.என்.ஆர்.ஐ. என்ற நான்கு எழுத்துக்கள் 'இயேசுஸ் நசரேனுஸ் ரெக்ஸ் யூதேயோரும்' என்பதன் முதலெழுத்துக்களே. 'நாசரேத்தூர் இயேசு, யூதரின் அரசர்' என்பது அதன் பொருள். இன்று லத்தீனைத் தாய்மொழியாகப் பேசும் ஜனம் இல்லை. ஆயினும் மருத்துவமனைகளில் அது தினமும் எழுதப்படுகிறது. அதில் சிலவற்றை இம்மாதம் படிப்போம்.

1. சீட்டில் உள்ளவை

சீட்டின் தலைப்பில் 'ஆர்' எழுத்தின் காலில் கோடு கிழித்தது போன்ற அடையாளம் இருக்கும். அது 'ரெசிபே', அதாவது 'எடுத்துக்கொள்' என்ற கட்டளை. முற்காலத்தில் மருந்து கலப்பவருக்கு மருத்துவர் இட்டது.

பி.டி. - 'பிஸ் டியே': நாளுக்கு இரண்டு முறை.
டி.டி.எஸ். - 'டெர் டியே சுமெண்டும்': நாளுக்கு மூன்று முறை உட்கொள்ள வேண்டியது.
ஏ.சி. - 'ஆன்டே சிபும்': சாப்பாட்டுக்கு முன்.
பி.சி. - 'போஸ்ட் சிபும்': சாப்பாட்டுக்குப் பின்.
ஸ்டாட் - 'ஸ்டாட்டிம்': உடனே.

2. வார்டில் உள்ளவை

'டாக்டர்' என்றால் போதிக்கிறவர். 'பேஷண்ட்' என்றால் பாடுகளைச் சகிக்கிறவர். 'ஹாஸ்பிட்டல்' என்ற சொல் விருந்தினரைக் குறிக்கும் 'ஹோஸ்பெஸ்' என்பதிலிருந்து வந்தது. விருந்தினர், விருந்தளிப்பவர் இருவருக்கும் லத்தீனில் அந்த ஒரே சொல்தான்.

மருந்துச் சத்து இல்லாத மாத்திரையைக் குறிக்கும் 'பிளாசிபோ' என்ற சொல் வேதாகமத்திலிருந்தே வந்தது. 116-ஆம் சங்கீதம் 9-ஆம் வசனத்தில் நம் தமிழ் வேதாகமத்தில் 'நடப்பேன்' என்று இருப்பது, லத்தீனில் 'பிரியமாயிருப்பேன்' எனப் பொருள்படும் 'பிளாசிபோ'. மரித்தோருக்கான மாலை ஆராதனை அச்சொல்லோடு தொடங்கியது. கூலிக்கு வந்து அதைப் பாடினவர்களால் அச்சொல்லுக்கு 'முகஸ்துதி' என்ற பொருள் சேர்ந்தது. பின்பு நோயாளியைத் திருப்திப்படுத்த மட்டும் கொடுக்கும் மருந்துக்கு அது பெயராயிற்று.

3. மருத்துவருக்கு உள்ளவை

'ப்ரீமும் நோன் நோசேரே' - முதலாவது, தீங்கு செய்யாதே. இது ஹிப்போகிராத்தீஸ் உறுதிமொழியில் உள்ளதென்று பலர் நினைக்கிறார்கள். அவர் கிரேக்கர், இந்த லத்தீன் வாக்கியம் அந்த உறுதிமொழியில் இல்லை. ஆனாலும் நல்ல எச்சரிப்பு. அது போதகருக்கும் உரியது என்பதை நாம் வருத்தத்தோடு கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சர்க்கரை வியாதியால் காலில் புண் ஆறி வீடு திரும்பிய ஒரு தாயார் தம் சீட்டை நம்மிடம் நீட்டி, "இதுல என்னங்கய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார். இறையியல் கல்லூரியில் படித்த லத்தீனைப் பயன்படுத்த வாய்ப்புக் கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில், டி.டி.எஸ்., பி.சி. இரண்டையும் விளக்கினோம். "மூணு வேளையும், சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்மா" என்றோம். ஜெபித்து அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்து அவர் புண் முற்றிய நிலையில் வந்தார். மாத்திரையில் பாதிக்குமேல் மீதியிருந்தது. ஏன் என்று கேட்டோம். "சாப்பாட்டுக்கு அப்புறம்னுதானேய்யா சொன்னீங்க. ராத்திரி ஒரு வேளைதான் சோறு. அப்பப் போட்டுக்கிட்டேன்" என்றார்.

சொல்லின் பொருளைச் சரியாகச் சொன்னோம். அவர் வீட்டில் எத்தனை வேளை அடுப்பு எரிகிறது என்று கேட்கவில்லை. அவருடைய இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. கர்த்தருடைய கிருபையால் கால் தப்பியது. அன்றுமுதல் யார் சீட்டை நீட்டினாலும், "எத்தனை வேளை சாப்பிடுறீங்க?" என்று முதலில் கேட்கிறோம். பதிலை மருத்துவரிடமும் சொல்லிவிடுகிறோம்.

4. நமக்கெல்லாம் உள்ளது

கடைசிச் சொல் 'காரிடாஸ்'. 1 கொரிந்தியர் 13-இல் பவுல் சொல்லும் அன்புக்கு லத்தீன் வேதாகமத்தில் உள்ள சொல் இதுவே. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் இதனை 'சாரிட்டி' என்று எழுதியது. இன்று அச்சொல்லைக் கேட்டால் காணிக்கைப் பெட்டியும் ரசீதும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஆஸ்திகளையெல்லாம் அன்னதானம் பண்ணினாலும் அன்பில்லாவிட்டால் பயனில்லை என்பதே அந்த அதிகாரத்தின் போதனை.

நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியில் பபியோலா என்ற சீமாட்டி தம் சொத்துக்களை விற்று நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை ஏற்படுத்தினார். பணம் கொடுத்ததோடு நில்லாமல், நோயாளிகளைத் தாமே தோளில் சுமந்தார், பிறர் பார்க்கவும் அஞ்சிய புண்களைக் கழுவினார் என்று எரோனிமுஸ் லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார். 'காரிடாஸ்' என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

அன்பானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை மருந்தாகிறது. அந்த மருந்து வேலை செய்ய ஒரு வாய்க் கஞ்சியும் வேண்டும். வீடு திரும்பும் ஏழை நோயாளிகளை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் மாத்திரை வாங்கிச் செல்பவரைக் கண்டால், சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.

'தேயோ கிராசியாஸ்' - தேவனுக்கு ஸ்தோத்திரம்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்