எட்டி நின்றால் கால் பங்கு!

எக்ஸ்ரே தேர்வுக்கு நான் சூத்திரத்தை மனப்பாடம் பண்ணவில்லை. கணக்காகப் போட்டுப் படித்தேன். நீங்களும் போட்டுப் பாருங்க.

கதிரின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 1 மீட்டரில் 100 என்றால் 2 மீட்டரில் 25, 3 மீட்டரில் சுமார் 11. ஆகவே 1 மீட்டரில் 10 எம்.ஏ.எஸ். போதுமான படத்துக்கு 2 மீட்டரில் 40 வேணும். கே.வி.யை 80லிருந்து 92 ஆக, அதாவது 15 சதவீதம் கூட்டினால், அந்த 40 பாதியாகி 20 போதும். ஆனால் கான்ட்ராஸ்ட் குறையும்.

கணக்கு தப்பினால் படத்தை மறுபடி எடுக்கணும். நோயாளி உடம்பில் இரண்டாம் தடவை கதிர். நமக்கும் இதே விதிதான் காவல். வார்டில் மொபைல் எக்ஸ்ரே எடுக்கையில், நோயாளியிடமிருந்து 1 மீட்டரில் நிற்காம 2 மீட்டர் தள்ளி நின்றால், சிதறும் கதிர் ஏறக்குறைய கால் பங்குதான். தேர்வில் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும். வார்டில் தினமும் வரும், தோழர்களே!