ஊமைப் பொறி பேசிய கதை



நெல்லையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு முதுநிலை இயற்பியல் பயில வந்தவன் நான். சென்ற பருவத்தில் நம் சங்கத்துக்குப் பழைய லேசர் அச்சுப்பொறி ஒன்று நன்கொடையாகக் கிடைத்தது. சங்கக் கணினியில் இருப்பதோ லினக்ஸ். பொறியுடன் வந்த இயக்கி மென்பொருளோ விண்டோஸுக்கு மட்டுமே உரியது. “பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்” என்றனர் சிலர். ஆனால், மலரைக் கடையில் அச்சிடச் சங்கத்தில் பணமில்லை. ஆகவே முயன்று பார்த்தேன். அதில் கற்றதை இங்கே கூறுகிறேன்.

அச்சுப்பொறிகளில் ஒருவகை, போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொதுமொழியை அறியும். மற்றொரு வகை மலிவானது. பக்கத்தை அமைக்கும் வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டு, புள்ளிகளை மட்டும் தனிக் குறியீட்டில் வாங்கிக்கொள்ளும். நம் பொறி இவ்வகை.

லினக்ஸில் கப்ஸ் என்னும் அமைப்பு அச்சுப்பணியை ஏற்கிறது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் பக்கத்தைப் புள்ளிகளாக்குகிறது. இயக்கி அப்புள்ளிகளைப் பொறியின் குறியீட்டுக்கு மாற்றுகிறது. எனவே, நமக்கு வேண்டியது அக்குறியீட்டை அறிந்த இயக்கி ஒன்றே.

முதலில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்னும் கட்டளையால் பொறியின் அடையாள எண்ணை அறிந்தேன். அதைக்கொண்டு தேடியபோது ‘ஃபூ2இசட்ஜேஎஸ்’ என்னும் இயக்கி கிடைத்தது. பொறிக்குச் செல்லும் தரவை ஆராய்ந்து, அதன் குறியீட்டைக் கண்டறிந்து ஆர்வலர்கள் உருவாக்கியது அது. நிறுவினேன், அச்சாயிற்று! தமிழ் எழுத்துகள் சிதையுமோ என்ற அச்சமும் தீர்ந்தது. எழுத்துகள் கணினியிலேயே புள்ளிகளாகிவிடுவதால், பொறிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மறுநாள் பொறி மீண்டும் ஊமையாயிற்று. காரணம் யாது? அதன் உள்மென்பொருள், பொறியை அணைத்ததும் அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கணினியே அதை அனுப்பவேண்டும். ‘யுடெவ்’ விதி ஒன்றை எழுதி, பொறியை இயக்கியதும் அது தானாகவே செல்லுமாறு செய்தேன். அன்றுமுதல் தடையில்லை.

1980ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு லேசர் அச்சுப்பொறியைத் திருத்த விரும்பினார். அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த அனுபவமும் அவரை உந்த, 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். அவரே 2001 ஜூலையில் நம் திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார்.

தோழர்களே! ‘ஆதரவில்லை’ என்றால் ‘இயலாது’ என்று பொருளன்று. அதன் மொழியை நமக்கு எவரும் சொல்லவில்லை என்பதே பொருள். கேட்டறிந்தால் பொறியும் பேசும். நீங்கள் படிக்கும் இப்பக்கம் அப்பொறியில் அச்சானதே!