கதவைத் திறக்கச் சொல்லலாம், கன்னத்தில் அறையலாமா?

சட்டம் கேளுங்கள்

கேள்வி: வண்ணாத்திவில்லிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் சுபஹுக்கு முன்பே ஆறேழு பேர் எங்கள் வீட்டுக் கதவை உதைத்தார்கள். இரண்டு பேர்தான் யூனிஃபோர்மில் இருந்தார்கள். எந்தப் பொலிஸ் என்றும் சொல்லவில்லை. தம்பியைத் தேடி வந்தார்களாம். அவன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான். "என்ன விஷயம், கோர்ட் கடிதம் ஏதும் இருக்கா?" என்று வாப்பா கேட்டார். அதற்குக் கன்னத்தில் அறை. வாப்பாவுக்கு அறுபத்தாறு வயது. உம்மாவின் அலுமாரியை ஆண்களே கிண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. போகும்போது ஒருவர், "இந்த ஊர்க்காரனுங்களுக்கு இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாப்பா, "விட்டுடு மகள், பொல்லாப்பு வேணாம்" என்கிறார். எனக்கு விட மனமில்லை. ஆணை இல்லாமல் வரலாமா? அடிக்கலாமா? எங்கே போய்ச் சொல்வது?

(பெயர் வேண்டாம் எனக் கேட்டிருக்கிறார்)

பதில்: சகோதரி, முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. நீதவான் கையொப்பமிட்ட ஆணை அவர்கள் சட்டைப்பையில் இருந்திருந்தாலும் இல்லை. தம்பி உண்மையிலேயே குற்றம் செய்திருந்தாலும் இல்லை. வாப்பா தேடப்பட்டவர் அல்ல, தடுத்தவரும் அல்ல, கேள்வி கேட்டவர். கேள்வி கேட்பதை எந்த நீதிமன்றமும் எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாது.

ஆணை விஷயம் அவ்வளவு நேரானதல்ல. ஆணை இல்லாமல் வாசலில் கால் வைத்தாலே சட்டவிரோதம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாதி சினிமா தந்த நம்பிக்கை அது. இலங்கைச் சட்டம் பொலிஸுக்குப் பல வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. பிடிக்க அதிகாரமுள்ள ஒருவர் இந்த வீட்டுக்குள் இருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி உள்ளே வந்து தேடலாம். கசிப்பு, கள்ளச்சாராயம் என்றால் மதுவரிச் சட்டம் இருக்கிறது. ஆணை எடுக்கப் போனால் பொருள் மறைந்துவிடும் என்ற நிலையில், நம்புவதற்கான காரணத்தை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பகலிலோ இரவிலோ நுழையலாம் என்கிறது அது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்னும் அகலமானது. பொலிஸ் அத்தியட்சகர், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த உப பொலிஸ் பரிசோதகர், ஆணை இல்லாமலே நுழைந்து தேடலாம்.

ஆகவே "ஆணை இருக்கா?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும்: எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறீர்கள், யாரைத் தேடி, என்ன காரணத்துக்காக? அந்தக் காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? நாளைக்கு நீதிமன்றத்தில் ஒரு பொலிஸ் அதிகாரியைத் திணற வைப்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான். தகவல் புத்தகத்தில் பதிவு இல்லாத தேடுதலுக்கு மேலதிகாரிகூட முட்டுக்கொடுக்கத் தயங்குவார்.

கதவை உடைப்பதற்கும் அதே சட்டக்கோவையில் வரிசை இருக்கிறது. தான் யார் என்று சொல்ல வேண்டும். எதற்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். திறக்கும்படி கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் உள்ளே போக வழியில்லை என்றால்தான் கதவிலோ ஜன்னலிலோ கை வைக்கலாம். இங்கிலாந்து நீதிமன்றம் 1604இல் செமெய்ன் வழக்கில் வகுத்த முறை கடல் கடந்து நமக்கும் வந்து சேர்ந்தது. நானூறு வருஷம் கழிந்தும் வண்ணாத்திவில்லில் முதல் சத்தம் பூட்ஸ் சத்தமாக இருக்கிறது. கைதாகிறவர் பலவந்தமாக எதிர்த்தால் கைதுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பலம் பயன்படுத்தலாம் என்று அந்தச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு சொல்கிறது. தேடப்படாத ஒருவர் மீது கை நீட்ட அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை.

1951இல் முத்துசாமி எதிர் கன்னங்கர வழக்கில் நீதியரசர் கிரேஷியன் சொன்னதை இலங்கைச் சட்டத்தரணிகள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆணையில்லாமல் தனியார் வீடுகளைச் சோதிக்கவும் குடிமக்களைக் கைது செய்யவும் புறப்படும் பொலிஸாரின் செயல்களை மேலதிகாரிகளும், அவர்களுக்கும் மேலாக நீதிமன்றங்களும், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நீதிமன்றங்கள் ஓரளவு பார்க்கின்றன. மேலதிகாரிகள் பார்த்திருந்தால் உங்கள் கடிதம் எனக்கு வந்திருக்காது.

உம்மாவின் அலுமாரி பற்றி ஒன்று. ஒரு பெண்ணின் உடலைச் சோதிப்பதென்றால் இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியம் கெடாமல், செய்ய வேண்டும். இது கட்டாயம். அலுமாரிக்கு அந்த விதி நேராகப் பொருந்தாது. ஆனாலும் "பெண் பொலிஸ் வரட்டும்" என்று கேட்பதில் தவறில்லை. கேட்டதையும் மறுத்ததையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

இப்போது "இந்த ஊர்க்காரனுங்களுக்கு" என்ற வார்த்தைக்கு வருகிறேன். அறையைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது.

உங்கள் ஊர்ப் பெயர் செய்திகளில் அடிபட்டது 2019 ஜனவரியில். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வண்ணாத்திவில்லில் ஒரு தென்னந்தோட்டத்துக்கு வந்து ஏறத்தாழ 100 கிலோ வெடிபொருளையும் டெட்டனேட்டர்களையும் எடுத்தது, நான்கு பேரைக் கைது செய்தது. நாட்டுக்கு உபயோகமான தேடுதல் அது. எப்படி நடந்தது என்று பாருங்கள்: ஒரு குற்றத்திலிருந்து ஒரு ஆளுக்கு, ஆளிலிருந்து ஒரு இடத்துக்கு என்று படிப்படியாகப் போன விசாரணை. ஊர் முழுக்கக் கதவு உதைத்துக் கண்டெடுத்ததல்ல.

அப்படியிருந்தும் ஏப்ரல் 21இல் ஈஸ்டர் தாக்குதல் நடந்தது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகளைச் சோதிக்க அதிகாரம் போதவில்லை என்பதாலா? உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் தந்த தீர்ப்பு வேறு காரணம் சொல்கிறது. முன்கூட்டியே உளவுத் தகவல் கையில் இருந்தும் செயற்படவில்லை என்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அப்போதைய பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்கு 7.5 கோடி. மேலே இருந்தவர்கள் கோப்பைத் திறக்காத குற்றத்துக்கு, கீழே உள்ளவர்களின் வீட்டுக் கதவை உதைப்பது என்ன பரிகாரம்? ஆனால் தாக்குதலுக்குப் பின் அவசரகால ஒழுங்குவிதிகள் நடைமுறையிலிருந்த நான்கு மாதமும், அதற்குப் பிறகும், அந்தக் கணக்கை முஸ்லிம் கிராமங்களிடம்தான் வசூலித்தார்கள். தோட்டம் ஒன்று, பழி ஊருக்கு.

அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையை உங்கள் முறைப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து ஆகியவற்றோடு பிறந்த இடத்தின் காரணமாகவும் எந்தப் பிரஜைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்று அது பெயர் சொல்லியே தடுக்கிறது. வாசலில் நின்று சொன்ன அந்த ஒரு வாக்கியம் சாட்சிகளோடு நிரூபணமானால் உங்கள் வழக்குக்கு அவர்களே கொடுத்த ஆதாரம் அது.

வீட்டின் அந்தரங்கத்துக்கென்று நமது அரசியலமைப்பில் தனி உறுப்புரை கிடையாது. பெரிய குறைதான். அதனால் நாம் 11ஐயும் 12ஐயும் 13ஐயும் பிடித்துக்கொள்கிறோம். 11 சித்திரவதையையும் இழிவாக நடத்துவதையும் தடுக்கிறது. ஒரு அறை அந்த அளவைத் தொடுமா என்று அரச தரப்பு வாதிடும். தொடாமல் போகவும் வாய்ப்புண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அறுபத்தாறு வயதுக்காரரை, விடியுமுன், அவருடைய வீட்டிலேயே, மனைவி மகள் பார்க்க அறைந்தார்கள் என்று சூழ்நிலையோடு சொல்லும்போது அது வெறும் அறையாக நிற்காது.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2023 டிசம்பர் 17இல் போதைப்பொருளை ஒழிக்க "யுக்திய" நடவடிக்கை தொடங்கியது. ஆணையில்லாத வீட்டுச் சோதனை, பலர் முன்னிலையில் உடையைக் களைந்து சோதித்தது என்றெல்லாம் முறைப்பாடுகள் குவிந்ததால், அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கவலை தெரிவித்தது. அந்த நடவடிக்கையை முன்னின்று நடத்தியவர் அப்போதைய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோன். அது தொடங்குவதற்கு மூன்று நாள் முன்புதான், டிசம்பர் 14இல், முன்னாள் இராணுவச் சிப்பாய் ஒருவரைச் சித்திரவதை செய்த வழக்கில் அவர் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, சொந்தப் பணத்திலிருந்து 5 இலட்சம் ரூபாய் கட்டச் சொல்லியிருந்தது. தலைமையில் இப்படி ஒரு முன்மாதிரி இருந்தால் வண்ணாத்திவில்லுக்கு வரும் கான்ஸ்டபிள் எதைக் கற்றுக்கொள்வார்? 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் வாக்கெடுத்துத் தென்னக்கோனைப் பதவியிலிருந்து நீக்கியது.

அந்தச் சிப்பாய் மனுப் போட்டது 2011இல். தீர்ப்புக்குப் பன்னிரண்டு வருஷம். தமிழ்நாட்டு வாச்சாத்தியில் 1992இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் பொலிஸும் புகுந்து வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வல்லுறவு செய்த வழக்கு முதல் தீர்ப்புக்கு வர 2011 ஆனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். வேகமாக நீதி கிடைக்கும் என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வாப்பாவின் பயத்தையும் கோழைத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். 2002இல் வத்தளை பொலிஸார் ஆள் மாறிப் பிடித்துச் சித்திரவதை செய்த ஜெரால்ட் பெரேராவுக்கு 2003இல் உயர் நீதிமன்றம் பெரும் நட்டஈடு வழங்கியது. அதே பொலிஸாருக்கு எதிராக மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல இருந்த நேரத்தில், 2004 நவம்பரில், ஓடும் பஸ்ஸில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் சட்டம் வந்தது, 2023இல் அதைப் புதுப்பித்தார்கள். மிரட்டல் வந்தால் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அதிகாரசபையில் பாதுகாப்புக் கேட்கலாம். தனியாகப் போகாதீர்கள். ஒரு சட்டத்தரணி, பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர், அயல் வீட்டுச் சாட்சி என்று ஆட்களோடு போங்கள்.

இனி செய்ய வேண்டியது. வாப்பாவை அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். வீக்கம் வற்றிவிட்டாலும் பரவாயில்லை, காது கேட்பதில் குறை இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். "விழுந்துவிட்டேன்" என்று சொல்லவே கூடாது. யார் அடித்தார்கள் என்று டொக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேளுங்கள். வந்தவர்களின் அங்க அடையாளம், வாகன இலக்கம், பேசிய மொழி, நின்ற இடம் எல்லாவற்றையும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதட்டும். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினால் குறுக்கு விசாரணையில் உடைந்துவிடும். கதவில் பட்ட சேதத்தைப் படம் எடுத்துவிட்டுத் திருத்துங்கள். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

மறுபடி வந்தால் எதிர்த்து நிற்க வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவையின் 92ஆம் பிரிவு, பதவியின் பேரில் நல்லெண்ணத்தோடு செயற்படும் அரச ஊழியருக்கு எதிராக, அவர் செயல் சட்டப்படி முழுக்கச் சரியில்லாவிட்டாலும், தற்காப்பு உரிமையை மறுக்கிறது. உயிருக்கோ பாரதூரமான காயத்துக்கோ அஞ்சும் நிலை மட்டுமே விலக்கு. தள்ளுமுள்ளு நடந்தால் கடமைக்கு இடையூறு என்ற வழக்கு உங்கள் மேலேயே விழும், அவர்கள் செய்தது பின்னால் போய்விடும். அடையாள அட்டையைக் கேளுங்கள், காரணத்தைக் கேளுங்கள், தேடும்போது கூடவே நில்லுங்கள், எதையாவது எடுத்தால் பட்டியல் கேளுங்கள்.

கடைசியாக, அவசரமான விஷயம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டை மட்டும் காட்டினால் நீதிமன்றம் இப்போது ஏற்பதில்லை. உண்மையிலேயே விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் வேண்டும். நீங்கள் கடிதம் எழுதி, அது என்னிடம் வந்து, இந்த இதழ் உங்கள் கைக்குக் கிடைப்பதற்குள் பாதி மாதம் போயிருக்கும். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. அடுத்த இதழுக்குக் காத்திருக்காமல் இன்றே அழையுங்கள்.