அரசாங்க கிளினிக் மீது வழக்கு: கெடு ஆறு ஆண்டா, 36 மாதமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 20. அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். 2022 மார்ச்சில், படிவம் 4 படித்தபோது, திடலில் ஓடினால் நெஞ்சு படபடவென்று அடித்துத் தலை சுற்றும். அரசாங்க கிளினிக்கில் ஒருமுறை ஈசிஜி எடுத்தார்கள். காஸ்திரிக் என்றார்கள்; பிறகு பரீட்சை பயம் என்றார்கள். 2023 ஆகஸ்ட் வரை அங்கேதான் போனேன். 2025 ஜனவரியில் கல்லூரியில் மயங்கி விழுந்த பிறகுதான், பிறவியிலேயே இதயத்தில் கூடுதல் மின்பாதை இருப்பதை நிபுணர் கண்டுபிடித்துச் சிகிச்சை அளித்தார். ஒரு செமஸ்டர் போனது. நோய் 2025-இல் தெரியவந்ததால் 2031 வரை வழக்குப் போடலாம் என்கிறார் தோழியின் அண்ணன். கிளினிக் அட்டையைத் தொலைத்துவிட்டோம். கவுண்டரில் கேட்டதற்குப் பழைய பதிவு கிடைக்காது என்றார்கள்.
– வாசகி, பத்தாங் காலி

பதில்: தோழியின் அண்ணன் சொன்னது தவறு. ஆறு ஆண்டு என்பது 1953 காலவரையறைச் சட்டம். தனியார் கிளினிக் என்றால் அந்தக் கணக்கு. அரசாங்க கிளினிக் என்றால் 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அதில் கெடு 36 மாதம்தான். தவறு நடந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். பாதிப்பு தொடர்ந்தால் அது நின்ற நாளிலிருந்து. தெரியவந்த நாளிலிருந்து எண்ணும் சலுகையைக் காலவரையறைச் சட்டத்தின் 2018 திருத்தம் கொண்டுவந்தது உண்மை. ஆனால் உடல் பாதிப்பு வழக்குகளுக்கு அது கிடையாது. அப்போது வயது குறைந்தவள் என்ற காரணத்தையும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

2022 மார்ச்சை வைத்தால் கெடு 2025 மார்ச்சிலேயே முடிந்தது. கடைசியாகப் போன நாளை வைத்தால் 2026 ஆகஸ்ட். மயங்கி விழுந்த நாளிலிருந்து எண்ணவேண்டும் என்றும் வாதாடலாம். நீதிபதி ஏற்பார் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆகஸ்டையே கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிபுணர் சொன்ன பிறகும் இத்தனை மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள்? அட்டை தொலைந்ததை விடுங்கள். கவுண்டரில் ஒருவர் வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தீர்களே, அதுதான் பெரிய தவறு. பெயர், அடையாள அட்டை எண், போன மாதங்கள் எல்லாம் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். வெறுமனே ‘மருத்துவ அறிக்கை’ என்று கேட்டால் சுருக்கம்தான் வரும். டாக்டரின் குறிப்பு, ஈசிஜி தாளின் நகல் என்று தனித்தனியாக எழுதுங்கள். உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். 18 வயது தாண்டிவிட்டது, அப்பாவின் கையெழுத்து வேண்டாம். பதிவேடு அவர்களுடையதாக இருக்கலாம். அதிலுள்ள தகவலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கெடு என்ற தடையைக் கடந்துவிட்டால், வழக்கு அந்த ஈசிஜி தாளில்தான் இருக்கிறது. இந்த நோயில், நெஞ்சு படபடக்காத நேரத்தில் எடுத்த தாளிலும், துடிப்பின் கூரான ஏற்றத்துக்கு முன்னால் மெதுவாக ஏறும் ஒரு சிறு சாய்வு பெரும்பாலும் தெரியும். சிலருக்கு வந்து வந்து மறையும். உங்கள் தாளில் அது இருந்தும் கவனிக்காமல் விட்டார்களா என்பதே கேள்வி. கணிப்பு தவறியது மட்டும் கவனக்குறைவு ஆகாது. பொறுப்புள்ள மருத்துவர்கள் சிலர் அந்தச் சூழலில் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று காட்டி, அது தர்க்கத்துக்கும் பொருந்தினால் டாக்டர் தப்பிவிடுவார். 2017-இல் ஸுல்ஹஸ்னிமார் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வைத்த அளவுகோல் இதுதான். 16 வயதுப் பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் பரீட்சை பயம் என்று திருப்பி அனுப்புவது எனக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறொரு இதய நிபுணரின் எழுத்துபூர்வமான கருத்து இல்லாமல் நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

மலேசிய மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம். இழப்பீடு வராது, புகார் கொடுத்ததால் 36 மாதமும் நிற்காது.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதிய பதில் இது. இந்த வாரமே ஷா ஆலமில் மருத்துவ வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். பணம் இல்லையென்றால் சட்ட உதவி மையத்தில் விசாரியுங்கள். நிபுணரின் கடிதம், எம்.சி.கள், கல்லூரிக் கடிதம், கிளினிக்குக்குப் போன தேதிகளின் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கிளினிக் பதிவு வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.