கடலடியில் களை பறிக்கும் மீன்

பயிர்த்தொழில் மனிதனுக்கே உரியதென்று எண்ணுதல் இயல்பு. ஆயினும் கறையான்களில் சில ஜாதிகள் புற்றினுள் பூஞ்சாணத்தை வளர்த்து உண்கின்றன. அவ்வாறே கடலில் பாசியைப் பயிராகக் காத்து உண்ணும் மீனும் ஒன்றுண்டு. ஸ்டெகாஸ்டிஸ் நிக்ரிகன்ஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை முதல் பசிபிக் சமுத்திரத் தீவுகள் வரையுள்ள பவளப்பார்களில் இது வாழ்கிறது. கருமை கலந்த பழுப்பு நிறமும், ஐந்தரை அங்குலத்திற்கு மேற்படாத நீளமும் உடையது.

ஜப்பானைச் சேர்ந்த ஓகினாவாத் தீவின் பவளப்பாரில் இம்மீன் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதில் பாலிசைபோனியா என்னும் மெல்லிய செம்பாசி ஒன்றையே பெரும்பாலும் வளர்க்கிறது. தடித்த பாசிகளைச் செரிக்கும் ஆற்றல் இதற்கில்லை. ஆகையால் அத்தகையவை முளைத்தவுடன் வாயால் பறித்து, எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் உமிழ்ந்துவிடுகிறது. மேய வரும் கிளிமீன் முதலியவற்றைத் துரத்துகிறது. முக்குளித்து நெருங்கும் மனிதரையும் கடிக்கத் துணிகிறது.

இவ்வுழைப்பின் பயன் யாதென ஹாட்டா, காட்டோ என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் சோதித்து, 2006-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். காவல் மீனை அகற்றியபோது, பிற மீன்கள் புகுந்து பயிரை விரைவில் மேய்ந்து தீர்த்தன. மேயும் மீன்கள் புகாவண்ணம் தடுத்துவைத்த இடத்திலும் பயிர் நிலைக்கவில்லை. வேற்றுப் பாசிகள் ஓங்கி வளர்ந்து அதனை அமுக்கிவிட்டன. அச்செம்பாசி அம்மீனின் எல்லைக்கு வெளியே காணப்படுவதுமில்லை. மீனுக்குப் பாசி உணவு. பாசிக்கு மீனே காவலும் களையெடுப்பும்.

இதனால் விளங்குவது யாதெனில், காவல் வேறு, களையெடுப்பு வேறு. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. வேலி கட்டி மாட்டைத் தடுத்த மாத்திரத்தில் வயல் காக்கப்பட்டதென்று எண்ணலாகாது. களையை இளம்பருவத்திலேயே, அது பூத்து விதை உதிர்க்குமுன் பறித்து, வரப்பிற்கு அப்பால் அகற்றல் வேண்டும். பிந்திப் பறித்தால், பயிருக்குரிய எருவையும் நீரையும் களை முன்னரே உண்டிருக்கும். அலையும் கால்நடையை அடக்குதல் ஊரார் கூடிச் செய்யும் ஏற்பாட்டால் ஆகும். களையை அகற்றுதலோ அவ்வந்நிலத்தை உடையாரின் நாள்தோறுமுள்ள கடமையாம்.