மாரி வருமுன்: முற்பணம் பெற்ற மரக்கறித் தோட்டத்துக்குச் சில குறிப்புகள்

உங்கள் தோட்டத்து விளைவைச் சந்தைக்கு அனுப்பாது, அயலிலுள்ள குடும்பங்களிடம் முற்பணம் பெற்றுக் கிழமைதோறும் கூடையாக வழங்கி வருவீராயின், இக்குறிப்புகள் உங்களுக்கென்றே எழுதப்பட்டன. இம்முறை முற்றிலும் புதியதன்று. யப்பானில் 1970 ஆம் ஆண்டுகளில் ‘தெய்க்கேய்’ என்னும் பெயரால் இது பரவியது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய தோட்டங்கள் 1986 இல் தொடங்கின. பருவத்தின் தொடக்கத்திலேயே பணந்தரும் குடும்பங்கள், விளைவை மட்டுமன்றி விளைவின் குறைவையும் கமக்காரரோடு பங்கிட்டுக்கொள்வதே இதன் அடிப்படை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வொப்பந்தத்தைச் சோதிக்குங் காலம் மாரியே. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒற்றோபர் முதல் திசெம்பர் வரையிலேயே பெய்கின்றது. கந்தசட்டி விரதத்தை ஒட்டி மரக்கறிக்குத் தேவை மிகும். அதே நாட்களிற்றான் கத்தரி பூவுதிர்க்கும், முளைக்கீரை அழுகும். ஆதலின் ஆவணி மாதத்திலேயே ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

நான்கு பரப்புத் தோட்டமும் இருபது குடும்பங்களும் உள்ளன எனக் கொள்வோம். கோடையிற் குடும்பமொன்றுக்கு மூன்று கிலோகிராம் கொடுத்துவந்த நீங்கள், மாரியில் இரண்டு கிலோகிராம் மட்டுமே தருவதாக உடன்படுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்கும் 13 கிழமைகள். தேவை 520 கிலோகிராம். மூன்று கிலோகிராம் நிறையுள்ள பூசணிக்காய் 50 இருப்பின் 150 கிலோகிராம் ஆயிற்று. மரவள்ளி 60 செடிகளிலிருந்து, செடியொன்றுக்கு இரண்டரைக் கிலோகிராமாக, இன்னும் 150. வற்றாளையும் இராசவள்ளியுமாக 80. எஞ்சிய 140 கிலோகிராமே கீரையாலும் பயற்றங்காயாலும் நிரப்பப்பட வேண்டியது. அது கிழமைக்கு 11 கிலோகிராம். குடும்பமொன்றுக்கு அரைக் கிலோகிராமுக்குச் சற்று மேல். இவ்வளவை மழையிலும் எடுத்துவிடலாம். இக்கணக்கைச் செய்யாது கோடைக் கூடையையே மாரிக்கும் வாக்களிப்பவர் கார்த்திகையில் இடர்ப்படுவார்.

வைகாசியில் விதைத்த பூசணி இப்போது முற்றியிருக்கும். காம்பை நான்கு விரலளவு விட்டு வெட்டி, தரையில் வையாது பலகைமீது காற்றோட்டமான இடத்தில் ஒன்றையொன்று தொடாதவாறு அடுக்குக. காம்பு முறிந்த காய்களை முதற் கிழமையிலேயே கொடுத்துவிடுக. மரவள்ளிக்கு நிலமே களஞ்சியம். கிண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களிற் பழுதாகிவிடும் என்பதால், கூடை செல்லும் காலையிலேயே கிண்டுதல் நன்று. ஆனால் நீர் தேங்கும் நிலத்தில் இதை நம்பி விட்டுவைத்தால் கிழங்கு அழுகிப்போம். இராசவள்ளி கொடி காய்ந்தபின் மார்கழியிலேதான் வரும். அதற்குமுன் அதைக் கணக்கிற் சேர்க்காதீர்.

கீரையைப் பொறுத்தவரை கங்குனும் வல்லாரையும் ஈரத்தை விரும்புவன. அகத்தியும் முருங்கையிலையும் வேலியோரத்தில் எப்போதும் உள்ளன. இவற்றை எளியன என்று கூடையிற் சேர்க்கத் தயங்குவோர் உளர். அத்தயக்கம் வேண்டியதில்லை.

இனி நிலத்தைப் பற்றி. கோடையில் இறைத்த நீரைத் தேக்குவதற்காக நாம் பாத்தியைப் பள்ளமாக அமைக்கிறோம். அதே பாத்தி மாரியிற் பயிரின் வேரை மூச்சடைக்கச் செய்யும். முதல் மழைக்கு முன்னரே பாத்திகளை அரையடி உயர்ந்த மேடைகளாக மாற்றி, இடையில் ஓர் அடி அகல வாய்க்கால் வெட்டி, அது எங்கே சென்று முடிகின்றது என்பதையும் நடந்து பார்த்துக்கொள்ளுக. அயலவர் காணியில் முடியுமாயின் அவரோடு இப்போதே பேசுவது நல்லது. செம்மண் நீரை விரைவில் உறிஞ்சும் என்று இதனைத் தள்ளிப்போடுவோர், 2008 நவம்பரில் நிசா புயலோடு வந்த வெள்ளத்தை நினைவுகூர்க.

யூரியாவை மழைக்கு முன் வீசி விதைத்தல் அறவே கூடாது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் படையிலே தங்குவது. பயிர் எடுக்காத நைதரசன், நைத்திரேற்றாகி மழைநீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். உமது கூடையை உண்ணும் குழந்தைகளே அக்கிணற்று நீரையும் பருகுகின்றன. நன்கு மக்கிய மாட்டெருவையும் கூட்டெருவையும் மண்ணோடு கலந்து, நாற்று வேரூன்றிய பின்னர் இரசாயனப் பசளையைச் சிறு அளவுகளாகப் பலமுறை இடுக.

நாற்றுமேடையிலேதான் மாரியின் பின்வரும் கூடை பிறக்கின்றது. மூன்றடி அகலமும் அரையடி உயரமுமுள்ள மேடைமீது வைக்கோலையும் உமியையும் மாறிமாறிப் பரப்பி, காற்று வீசும் திசைக்கு எதிராகத் தீ மெல்ல நகரும்படி எரித்தால் நாற்றழுகலை உண்டாக்கும் பங்கசு பெரிதும் அழியும். கிடுகுப் பந்தல் கோடைக்கே ஏற்றது. முகில் மூடிய நாட்களில் அதன் நிழலில் நாற்று நீண்டு மெலியும். வளைத்த தடிகளின்மேல் நிறமற்ற பொலித்தீன் விரித்து, இரு பக்கமும் திறந்துவிடுக. கோவாவையும் தக்காளியையும் ஒரே நாளில் முழுதும் விதைக்காது, ஐப்பசி நடுவில் ஒரு பாதியும் இரு கிழமை கழித்து மறுபாதியும் விதைத்தல் வேண்டும். முதற்பாதி மழையில் அழிந்தால் இரண்டாவது உங்களைக் காக்கும். மழையோடு நத்தையும் வரும். மாலையில் விளக்கோடு சென்று கையாற் பொறுக்குவதே எளிது.

பெற்ற முற்பணத்தில் மூன்றிலொரு பங்கை ஐப்பசி வரை தொடாது வைத்திருப்பீராக. மறுநடுகைக்கு விதையும், கிழிந்த பொலித்தீனுக்குப் புதியதும் அப்போது வாங்க வேண்டிவரும்.

கூடை குறைந்த கிழமையில் சுன்னாகம் அல்லது திருநெல்வேலிச் சந்தையில் வாங்கி நிரப்பும் எண்ணம் எவருக்கும் எழும். வாங்குவது குற்றமன்று, தன் தோட்டத்ததென்று சொல்லாமற் சொல்லிக் கொடுப்பதே தவறு. வாங்கியதைத் தனியே கட்டி, அதன்மேல் அவ்வாறே எழுதிக் கொடுங்கள். வெற்றுக் கூடையைப் பொறுத்த குடும்பம் மறுவருடமும் பணந்தரக்கூடும். ஏமாற்றப்பட்டதை உணர்ந்த குடும்பம் தராது. இன்ன மாதங்களிற் கூடை சிறுக்கும், புயலடிக்கும் கிழமையில் கூடை இல்லை என்பவற்றை இப்போதே எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் பெறுக. ஒழுங்கைகள் வெள்ளத்தில் மூழ்கும் நாட்களுக்கு, வாசிகசாலை விறாந்தை போன்ற மேடான பொதுவிடம் ஒன்றை முன்கூட்டியே பேசிவைத்தால், குடும்பங்கள் அங்கு வந்து கூடையைப் பெற்றுக்கொள்ளும்.

விளக்கீடு கழிந்து மழை தணியத் தொடங்கியதும் கோவா நாற்றை ஒன்றரை அடிக்கு ஒன்றாக மாலை வேளையில் நடுக. பீற்றூட்டையும் கரற்றையும் நேரே மேடையில் விதைக்கலாம். தையின் குளிரில் இவை நன்கு வளரும்; முதற் கோவா மாசியிற் கூடைக்கு வரும்.